வேளச்சேரி மழைநாட்கள்: இறைத்த நீர் எங்கே போகிறது?

வடகிழக்குப் பருவமழையின்போது சென்னை வேளச்சேரியில் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் வெளிநாட்டிலிருந்து செய்திகளில் மட்டுமே கண்டவன் என்பதால், மாநகராட்சியின் சேவைகள் இப்போது எப்படி இருக்கின்றன என்பதைக் கவனித்துப் பார்த்தேன்.

தெருவில் முழங்காலளவு நீர் தேங்கியதும் 1913 என்ற எண்ணில் புகார் அளித்தோம். புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது. மாலைக்குள் டிராக்டரில் பொருத்திய மோட்டாருடன் ஊழியர்கள் வந்து இரவு முழுவதும் நீரை இறைத்தார்கள். அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழாயின் மறுமுனை அடுத்த தெருவின் மழைநீர் வடிகாலில் விடப்பட்டிருந்தது. அந்த வடிகாலும் நிரம்பி வழிந்ததால், இறைத்த நீரில் ஒரு பகுதி விடிவதற்குள் எங்கள் வாசலுக்கே திரும்பிவிட்டது.

இப்பகுதியின் நீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கூறப்படும் அச்சதுப்புநிலத்தில், 2022-இல் ராம்சர் தலமாக (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். நீரைத் தாங்கி மெல்ல விட்ட இடம் சுருங்கி, நீரை உறிஞ்சிய மண்ணின் மீது கான்கிரீட் பரவிய பின், வடிகால்கள் நீரை விரைவாகக் கொண்டு சேர்த்தாலும் சேருமிடம் முன்பே நிரம்பிக் கிடக்கிறது. கடலில் ஓதம் ஏறியிருக்கும் வேளையில் வடிவது இன்னும் தாமதமாகும்.

எங்கள் வீடு கட்டப்பட்டபோது தெருவைவிட இரண்டு படி உயரத்தில் இருந்தது. இப்போது வாசலிலிருந்து தெருவுக்கு ஏற வேண்டியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அரசு 2021-இல் வலியுறுத்தியது. அதற்கு முன் ஏறிய உயரம் அப்படியே நிற்கிறது. பக்கத்து மனையில் எழுந்த அடுக்குமாடியோ தெருவையும் மிஞ்சும்படி மண் கொட்டி உயர்த்தப்பட்டிருக்கிறது. அவர்களைக் குறை கூறவும் மனம் வரவில்லை. 2015-ஐக் கண்டவர்கள் வேறெப்படிக் கட்டுவார்கள்?

உறவினர் ஒருவர் பெரும்பாக்கம் பக்கம் வீடு வாங்க எண்ணியிருந்ததால், அந்த இடத்தின் பட்டாவையும் புலப்படத்தையும் இணையத்தில் எடுத்துப் பார்த்தோம். இப்பயணத்தில் நான் கண்ட சேவைகளில் சிறந்தது இதுவே. எனினும் அவை உரிமையையும் எல்லையையும் காட்டுமே தவிர, மனையின் மட்டம் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்பதைச் சொல்லமாட்டா. வளாகம் உயர்த்தப்பட்டிருப்பதால் நீர் நிற்காது என்று விற்பனைப் பிரதிநிதி உறுதியளித்தார். அப்படியானால் அந்த நீர் எங்கே போகும் என்று கேட்டோம். பின்புறம் காலி மனைகள் இருக்கின்றன என்றார். அம்மனைகளிலும் விற்பனைப் பலகை நடப்பட்டிருந்தது. முன்பணம் கொடுப்பதை உறவினர் டிசம்பர் முடியும்வரை தள்ளிவைத்திருக்கிறார்.