ஸ்பீடோமீட்டர் குதித்தால் உடனே சென்சார் மாற்றச் சம்மதிக்காதீர்கள்

2017 மாடல் 150 சிசி வண்டி. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. முன்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் மூன்று வயர் ஹால் சென்சார் (காந்தப்புல மாற்றத்தை வைத்துச் சக்கரம் சுற்றுவதை உணர்வது), மேலே டிஜிட்டல் மீட்டர். 40-ல் போகும்போது திடீரென 0 காட்டும், பிறகு 38, மறுபடி 0. நேர்ச்சாலையில் குறைவு, ஊருக்குள் திரும்பும்போது அதிகம். உரிமையாளர் இதை அப்படியே சொல்லித்தான் ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டார். சென்சாரை மாற்றினார்கள். சில நாளில் பழைய குருடி கதவைத் திறடி. "அப்போ மீட்டர் போர்டுதான் சார்" என்று மீட்டரையும் மாற்றினார்கள். லேபரோடு பில் ஏழாயிரத்தைத் தாண்டியது, குதிப்பு மட்டும் நிற்கவில்லை. கழற்றிய பொருட்களைக் கேட்டதற்கு, "ஸ்கிராப்ல போட்டாச்சு" என்று பதில்.

பழுது இருந்த இடம் ஸ்டீயரிங் கழுத்து. ஹெட்லைட்டைக் கழற்றியதும் வயரிங்கை நெரித்துக் கட்டியிருந்த ஒரு கேபிள் டை தெரிந்தது. அதனடியில், சென்சாரிலிருந்து மீட்டருக்குப் போகும் சிக்னல் வயரின் செம்பு இழைகள் அறுந்திருந்தன, மேல் உறை மட்டும் முழுசாக இருந்தது. ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினால் இழை விலகும், நேராக்கினால் தொடும். "திரும்பும்போது அதிகம்" என்று வாடிக்கையாளர் முதலிலேயே சொன்னதில் விடை இருந்தது. அதைக் காதில் வாங்காமல் பார்ட்ஸை மட்டும் மாற்றியதுதான் இங்கே நடந்த மோசம். வயரைத் தேடிக் கண்டுபிடித்தால் பில்லில் எழுத ஒன்றும் இருக்காது, மீட்டருக்கு இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவர் அழுத்தினால் முன்சக்கரம் மேலே எழும். சாவியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் விடாமல் சுற்றிக்கொண்டே இன்னொருவர் ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பட்டும். ஒரே கோணத்தில் ஒவ்வொரு முறையும் மீட்டர் விழுந்தால் அது வயர்தான். உறுதி செய்ய, சாவியை எடுத்துவிட்டு சென்சார் கப்ளர், மீட்டர் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) இரண்டையும் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒரே நிற வயரின் இரு முனைகளிலும் பிடித்தபடி ஹேண்டிலைத் திருப்புங்கள். 1 ஓமை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். எண் தாவினால் அந்த வயர் உள்ளே அறுந்திருக்கிறது. அறுந்த துண்டை வெட்டி எறிந்து, அதே தடிமன் வயரைச் சால்டர் வைத்து இணைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போட்டு, ஹேண்டில் திரும்பத் தேவையான தளர்வு விட்டுக் கட்டினால் வேலை முடிந்தது. வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியதெல்லாம் ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

சென்சார் நிஜமாகவே போயிருக்கிறதா என்று பார்க்க, சாவியைப் போட்டு, கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாக மல்டிமீட்டரின் ஊசிமுனையை விட்டு டிசி வோல்ட் பாருங்கள். சப்ளை வயருக்கும் எர்த்துக்கும் இடையே, மாடலைப் பொறுத்து 5 வோல்ட்டோ பேட்டரி வோல்ட்டோ வர வேண்டும். சப்ளையே வரவில்லை என்றால் சென்சாரைக் குறை சொல்ல முடியாது. சப்ளை வந்தால் சிக்னல் வயரில் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மிக மெதுவாக உருட்டுங்கள். அளவு 0 பக்கமும் மேல் வோல்ட் பக்கமும் மாறி மாறி விழ வேண்டும். வேகமாகச் சுற்றினால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், 2 அல்லது 3 வோல்ட்டில் நின்றுவிடும். அதைக் காட்டி "பாருங்க, சிக்னலே சரியா வரல" என்று சொல்லும் ஆட்களும் உண்டு. சிக்னல் வயரில் 12 வோல்ட்டை நேராகத் தொட்டுப் பார்க்க யாரையும் விடாதீர்கள், நல்ல ஸ்பீடோமீட்டரும் அதில் போய்விடும். ஹால் சென்சாரை பல்பு வைத்துச் சோதிப்பதும் அப்படித்தான்.

குதிக்கும் விதத்தைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். வேகத்தோடு ஆர்பிஎம், பெட்ரோல் அளவு எல்லாம் சேர்ந்து ஆடினால் மீட்டரின் எர்த், ஃபியூஸ், பேட்டரி முனைகளைப் பாருங்கள். சென்சாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வண்டி நின்றிருக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வேகம் காட்டுகிறதா? இக்னிஷன் இரைச்சல். ரெசிஸ்டர் இல்லாத பிளக், வெடித்த பிளக் கேப், சென்சார் வயரோடு சேர்த்துக் கட்டிய மலிவு எல்இடி விளக்கு, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். ரெசிஸ்டர் பிளக் என்றால் என்ஜிகே கம்பெனி பிளக்கின் எண்ணில் ஆர் (R) எழுத்து இருக்கும். முள் வைத்த மீட்டரில் முள் ஆடினாலும் டிரிப் மீட்டர் கிலோமீட்டர் கல்லோடு ஒத்துப்போனால் சென்சார் ஒழுங்காக இருக்கிறது, முள்ளை ஓட்டும் மோட்டாரைத்தான் பார்க்க வேண்டும். வாட்டர் வாஷுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் கப்ளரில் தண்ணீர் இறங்கியிருக்கும், கழற்றிக் காயவிட்டாலே சரியாகிவிடும். ஜிபிஎஸ்ஸில் 60, மீட்டரில் 63 என்பது பழுதே அல்ல. மீட்டர்கள் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படிதான் செய்யப்படுகின்றன. அதற்கும் "கேலிபரேஷன்" என்று பணம் வாங்குகிறார்கள்.

முன்டயர் மாற்றியதும், பஞ்சர் ஒட்டியதும் தொடங்கிய கோளாறு தனி ரகம். ஹப்பில் மாட்டும் சென்சார் டிரைவின் உள்ளே இரண்டு காதுகள் உண்டு. அவை ஹப்பின் பள்ளத்தில் உட்கார வேண்டும். வெளிப்பக்கத் தடுப்பு, ஃபோர்க்கில் உள்ள முனையோடு பொருந்த வேண்டும். பொருத்தாமல் ஆக்ஸிலை முறுக்கினால் காது நசுங்கும், உள் பல்சக்கரம் அரைபடும். இந்த வகையில் சென்சார் யூனிட்டை மாற்றத்தான் வேண்டும், ஆனால் செலவு சக்கரத்தைக் கழற்றியவருடையது. அங்கேயே சக்கரத்தைச் சுற்றி மீட்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏபிஎஸ் வண்டிகளில் டிஸ்க் அருகே சுற்றும் பல் வளையத்தைத்தான் சென்சார் படிக்கிறது. வளையம் லேசாக வளைந்தாலும், சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டினாலும் குதிக்கும். தூளைத் துணியால் துடைத்தால் போதும். வளையத்துக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி பொதுவாக 1 மி.மீ. அளவில் இருக்கும், சரியான அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்கச் சொல்லுங்கள். மீட்டருக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் ஒரே சென்சார் உள்ள வண்டியில், நகர்ந்ததும் ஏபிஎஸ் விளக்கு ஒழுங்காக அணைந்து வேகம் மட்டும் குதித்தால் பெரும்பாலும் சென்சார் குற்றவாளி அல்ல.

கடையில் விடும்போது ஜாப் கார்டில் கோளாறை முழுசாக எழுத வையுங்கள்: "ஹேண்டில் திருப்பும்போது வேகம் 0" என்று. "மீட்டர் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் மீட்டரைத்தான் மாற்றுவார்கள். எந்தப் பொருளை மாற்றும் முன்னும் மல்டிமீட்டர் அளவைக் காட்டச் சொல்லுங்கள், கழற்றியதைத் திருப்பிக் கேட்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். புதிய சென்சார் எம்ஆர்பி ஒட்டிய பெட்டியோடு வர வேண்டும். கப்ளரை வெட்டி வயரை முறுக்கி இணைத்திருந்தால் அது உங்கள் மாடலுக்கான பொருளாக இருக்க வாய்ப்பில்லை. மீட்டரையே மாற்றினால் கிலோமீட்டர் 0-லிருந்து தொடங்கக்கூடும், பழைய அளவைப் பில்லில் எழுதி முத்திரை வாங்காவிட்டால் வண்டியை விற்கும்போது கேள்வி உங்களிடம்தான் வரும்.

பேசித் தீராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில், ஜாப் கார்டு, மாற்றிய பிறகும் மீட்டர் குதிக்கும் வீடியோ, வேறு மெக்கானிக் அறுந்த வயரைக் கண்டுபிடித்தபோது எடுத்த படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அறுந்த அந்த வயர்த் துண்டையும் எறிந்துவிடாதீர்கள்.