கப்பலின் அடிப்பாகத்தில் எதைப் பூசினோம், ஏன்: சுறாத்தோல் வரி, காற்றுக் குமிழி, செம்புப் பெயிண்ட், சிலிக்கோன்

போன டிரை டாக்கில், அதாவது கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்த்தபோது, எங்கள் பல்க் கேரியரின் (சரக்கை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்) அடிப்பாகம் முழுவதும் சிலிக்கோன் பூசினோம். தண்ணீரின் உரசலில் வீணாகும் எண்ணெயைக் குறைக்கத்தான். முடிவில் எனக்கும் பங்கு உண்டு. எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவனும் நான்தான். அந்த ஆறேழு மாதத்தில் படித்ததையும் நேரில் பார்த்ததையும் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் சூப்பரின்டென்டென்ட்களுக்கும், ‘ஆர்பிஎம் அதேதான், வேகம் மட்டும் எங்கே போகிறது’ என்று தினமும் நண்பகலில் எழுதும் நூன் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் செகண்ட் எஞ்சினியர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் எதைக் குறைக்கப் பார்க்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 13 நாட் (மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் ஒரு பருத்த பல்க் கேரியருக்கு அலை எழுப்புவதில் போகும் சக்தி குறைவு, கப்பலின் வெளித்தகட்டில், அதாவது தோலில், தண்ணீர் உரசுவதில் போகும் சக்திதான் பெரும்பங்கு. தோலை ஒட்டியிருக்கும் தண்ணீர் கப்பலோடேயே வருகிறது, கொஞ்சம் தள்ளியிருக்கும் தண்ணீர் சும்மா கிடக்கிறது. நடுவில் இருக்கும் படலம் ஒழுங்காக வழுக்கிக்கொண்டு போனால் பிரச்சினையே இல்லை, ஆனால் அது கொந்தளிக்கிறது. சின்னச் சின்னச் சுழல்கள் வெளியே கிடக்கும் தண்ணீரைத் தோல்வரை கொண்டுவந்து போடுகின்றன, அதையும் கப்பல் தன் வேகத்துக்கு இழுத்தாக வேண்டும். நாம் எண்ணெயாக எரித்துக் கொடுப்பது அந்தக் கூலியைத்தான். சுவரை ஒட்டிய இந்தக் கொந்தளிப்பு தாறுமாறாகவும் இருப்பதில்லை. வேகமான நீரும் மெதுவான நீரும் அடுத்தடுத்து நீண்ட கீற்றுகளாக ஓடுகின்றன என்பதை ஸ்டான்ஃபோர்டில் கிளைனும் அவர் குழுவும் 1967லேயே படம்பிடித்துக் காட்டிவிட்டார்கள். ஒரு ஒழுங்கு இருப்பதால்தான் அதில் கைவைக்கவும் முடிகிறது.

அதில் மிகப் பெரிய பலன் தருவது பாலிமர். 1948ல் டாம்ஸ் என்ற ஆய்வாளர் சொன்னது: நீண்ட சங்கிலி மூலக்கூறு கொஞ்சம், பத்து லட்சத்தில் சில பங்கு கலந்தாலே குழாயில் கொந்தளிப்பு உராய்வு வெகுவாகக் குறைகிறது. சரியாக அமைந்தால் 70, 80 சதவீதம் வரைகூட. அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் 1979லிருந்து இதைப் பயன்படுத்துகிறார்கள். பம்பு ஒவ்வொரு முறையும் அந்தச் சங்கிலிகளை அறுத்துவிடும், அதனால் பம்பைத் தாண்டியதும் மறுபடி செலுத்த வேண்டும், ஆனாலும் குழாய்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகிறது. மீன் உடம்பின் வழும்பிலும் இந்தக் குணம் இருக்கிறது. விலாங்கைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆனால் குழாயில் போட்டது குழாய்க்குள்ளேயே போகும், கப்பலின் தோலில் விட்டது அடுத்த நொடி கடலோடு போய்விடும். ஒரு கப்பல் நீளத்துக்கு உதவுவதற்காக ஒரு கடலுக்கே மருந்து கலக்க முடியாது. எங்கள் பட்டியலிலிருந்து முதலில் போனது இதுதான்.

அடுத்தது காற்றுக் குமிழி. கப்பலின் தட்டையான அடிப்பாகத்தில் காற்றை விட்டு, தண்ணீருக்கும் இரும்புக்கும் நடுவே குமிழிப் பாய் விரிப்பது. மிட்சுபிஷி போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள், புதிதாகக் கட்டும் கப்பலாக இருந்தால் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பேன். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கப்பலில் அடித்தகட்டை வெட்டி, குழாய் இழுத்து, கம்ப்ரஸருக்கு இடம் தேடி, அதற்கு ஜெனரேட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரக்கேற்றி ஆழமாக மிதக்கும்போது காற்றைத் தள்ளவே கூடுதல் சக்தி வேண்டும். பக்கவாட்டுத் தோலுக்கு அது உதவாது. நான் இதை இயக்கிப் பார்த்ததில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

சுறாத்தோல் வரி, அதாவது ரிப்லெட், எனக்கு உண்மையிலேயே ஆசை இருந்த வழி. சுறாவின் தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள் மாதிரி கையை அறுக்கும். அந்தச் செதில்களின் மேல் ஓடும் நுண்ணிய வரிகளைப் போல, ஓட்டத்தின் திசையிலேயே பள்ளம் போட்டால் உராய்வு குறைகிறது. நனையும் பரப்பு கூடுகிறது, இருந்தும் தடை குறைகிறது. முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. விஷயம் என்னவென்றால் வரியின் முனைகள் சுழல்களைத் தோலிலிருந்து கொஞ்சம் எட்டவே நிறுத்திவிடுகின்றன, பள்ளத்துக்குள் மந்தமான தண்ணீர் மட்டும் தங்கிவிடுகிறது. நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் மைக்கேல் வால்ஷ் 1970களின் கடைசியிலிருந்து இதை அளந்தார். 1997ல் பெர்லினில் பெக்கெர்ட்டின் குழு எண்ணெய் ஓடும் சோதனைக் கால்வாயில் பிளேடு மாதிரி மெல்லிய வரிகளை வைத்து 9.9 சதவீதம் வரை குறைத்துக் காட்டியது. அது வெறும் ஆய்வகச் சமாச்சாரமும் இல்லை. 1987ல் ஃப்ரீமாண்டிலில் அமெரிக்கா கோப்பையை வென்ற ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ படகின் அடியில் வரிப் படலம் ஒட்டியிருந்தார்கள். லுஃப்தான்ஸா டெக்னிக்கும் பாஸ்ஃபும் சேர்ந்து செய்த ‘ஏரோஷார்க்’ படலம் ஸ்விஸ் நிறுவனத்தின் போயிங் 777களில் இருக்கிறது. ஒரு விமானத்துக்கு 950 சதுர மீட்டர், 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவு வரிகள், எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம்.

எங்கள் கப்பலுக்கு நானே கணக்குப் போட்டேன். 13 நாட், வெதுவெதுப்பான கடல்நீர், தோலில் உராய்வு இவ்வளவு என்று வைத்துக்கொண்டால், வரிக்கு வரி இடைவெளி சுமார் 70 மைக்ரான் வருகிறது. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். உயரம் அதில் பாதி.

இங்கேதான் எனக்கு மனம் மாறியது. டாக்கில் ரஃப்னஸ் கேஜை எடுத்துக்கொண்டு ஹல் (கப்பலின் வெளியுடல்) முழுக்க ஓட்டுவோம் இல்லையா, 50 மில்லிமீட்டர் ஓட்டத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் கருவி, அது புதிதாகப் பெயிண்ட் அடித்த சாதாரண ஹல்லிலேயே 100 மைக்ரானை ஒட்டிக் காட்டும். அதாவது நல்ல பெயிண்டரின் நல்ல வேலையே அந்த வரியின் உயரத்தைவிடக் கரடு. அதையும் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் தண்ணீரில் இறங்கிய சில நாளிலேயே நுண்ணுயிர்களால் வழும்பு படிய ஆரம்பித்துவிடும். 35 மைக்ரான் பள்ளத்தை அடைக்க அதற்கு அதிக நாள் வேண்டாம். கொட்டலசின் (கப்பலடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள உயிர்) லார்வா, அதாவது குஞ்சு, இடம் தேடி வந்து ஒட்டும்போதே அரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும். விமானத்தில் கொட்டலசு ஒட்டாது. பந்தயப் படகைக் கரையேற்றித் துடைத்துவிடலாம். இரண்டரை வருஷம் டாக் பார்க்காத கப்பலை யார் துடைப்பது?

அதனால் எனக்கு வேண்டியது உராய்வை எவ்வளவு குறைக்கும் என்ற எண் இல்லை, மாதம் முப்பது போன பிறகும் எவ்வளவு ஏறாமல் வைத்திருக்கும் என்ற எண். அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் மைக்கேல் ஷூல்ட்ஸ் 2007ல் ஒரு ஃப்ரிகேட் வகைப் போர்க்கப்பலுக்குப் போட்ட கணக்கை எங்கள் கூட்டத்தில் போர்டில் எழுதியே காட்டினேன். 15 நாட் வேகத்தில், லேசான வழும்பு என்றால் தேவைப்படும் சக்தி 11 சதவீதம் கூடும், தடித்த வழும்பு 21, சின்னக் கொட்டலசோ கடற்பாசியோ 35, நன்றாக முற்றிய கொட்டலசு என்றால் 86. ரிப்லெட் மிகச் சிறந்த நாளில் தரும் முழுப் பலனையும் லேசான வழும்பு ஒன்றே சாப்பிட்டுவிடுகிறது.

ஆக, உண்மையான போட்டி செம்புப் பெயிண்டுக்கும் சிலிக்கோனுக்கும்தான்.

செம்புப் பெயிண்ட் எல்லோருக்கும் பழக்கமானது. தானாகத் தேய்ந்துகொண்டே செம்பு ஆக்ஸைடை வெளியே விடும் வகை. டிபிடி என்ற ட்ரைபியூட்டைல் டின் இருந்த காலத்தில் பெயிண்ட் இன்னும் நன்றாகவே வேலை செய்தது, ஆனால் சிப்பிகளையும் நத்தைகளையும் கெடுத்ததால் ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் உடன்படிக்கை 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்து அதை ஒழித்தது. அது சரியான முடிவு. இப்போதைய வகை விலை குறைவு, எந்த டாக்கிலும் அடிப்பார்கள், அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பூசிவிடலாம், ஓடிக்கொண்டே இருக்கும் கப்பலுக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எங்கள் கப்பலோ ஓடிக்கொண்டே இருக்கவில்லை. சரக்கு கிடைக்காமல் சிங்கப்பூர் ஆங்கரேஜில் (நங்கூரமிட்டு நிற்கும் இடம்) 38 நாள் கிடந்தது. நின்றால் பெயிண்ட் தேயாது, தேயாவிட்டால் புதுச் செம்பு மேலே வராது. கிளம்பியபோது அதே ஆர்பிஎம்முக்கு ஒரு நாட் அளவுக்கு வேகம் குறைந்திருந்தது. எக்ஸாஸ்ட் வெப்பநிலை ஏறிக்கொண்டே போவதாக சீஃப் எஞ்சினியர் தினமும் எழுதினார். டைவரை வைத்துச் சுரண்டலாம் என்றால் செம்பு கரைந்து துறைமுகத்தில் கலக்கும் என்று பல இடங்களில் அனுமதி இல்லை. அனுமதி உள்ள இடத்தில் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து போகும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

சிலிக்கோன் கொல்வதில்லை, ஒட்டவிடாது. ஒட்டினாலும் இறுகப் பிடிக்கவிடாது. கப்பல் வேகமெடுத்தால் தண்ணீரே தள்ளிவிடும் என்பதுதான் எண்ணம். கேட்கிறவர்களுக்கு விளம்பரம் மாதிரி இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் முந்தைய டாக்கில் இடப்பக்க நடுப்பகுதியில் பத்து மீட்டருக்கு நாலு மீட்டர் ஒரு பட்டை மட்டும் சிலிக்கோன் பூசிவிட்டு, சுற்றிலும் வழக்கமான செம்பையே அடித்திருந்தோம். இரண்டரை வருஷம் கழித்து கொழும்பில் டாக் வடிந்த அன்று காலை நேராக அங்கேதான் போய் நின்றேன். மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, வெயிலில் கொட்டலசு சாகும் அந்த வாடை. செம்பு அடித்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவு கொட்டலசுகள் திட்டுத்திட்டாக. பெயிண்ட் ஃபோர்மேன் சுரண்டியால் தட்டினார், ஓடு போனது, வெள்ளை வட்டமாக அடித்தட்டு மட்டும் பெயிண்டைக் கவ்விக்கொண்டு நின்றது. சிலிக்கோன் பட்டையிலும் கொட்டலசு இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினார், அடித்தட்டோடு கழன்று விழுந்தது. “சேர், நகத்தாலயே வருது பாருங்கோ” என்றார். அந்த இடத்தில் கீழே மினுமினுவென்று பெயிண்ட், ஒரு தழும்புகூட இல்லை. நான் எடுத்த படங்களில் அலுவலகத்தில் பேச்சை முடித்துவைத்தது அந்த ஒரு படம்தான்.

செலவைப் பற்றி ஒளிக்க வேண்டாம். பெயிண்ட் விலை செம்பைப் போலச் சில மடங்கு. அதைவிடப் பெரியது தயாரிப்பு வேலை: பழைய பூச்சு முழுவதையும் க்ரிட் பிளாஸ்ட் செய்து (கூர்மணலைப் பீய்ச்சிச் சுரண்டி) இரும்புவரை போனோம். சிலிக்கோன் தூசி பக்கத்தில் அடிக்கிற வேறு பெயிண்டில் விழுந்தால் அது குழிகுழியாகப் பிளந்துவிடும், அதனால் தனி ஸ்ப்ரே பம்பு, தனி ஹோஸ், திரை கட்டு, பக்கத்து வேலைகளை நிறுத்து என்று டாக் நாட்கள் கூடின. ரப்பர் மாதிரி மென்மையானது என்பதால் நங்கூரச் சங்கிலி, டக் (இழுவைப் படகு), ஃபெண்டர் (மோதல் தாங்கும் மெத்தை) எது உரசினாலும் கிழியும். வழும்பு முழுதாகப் போகும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், 13 நாட் அதற்குப் போதவில்லை. அப்புறம் நான் பார்த்தது ஒரு கப்பல், ஒரு பட்டை, இப்போது முழுப் பூச்சோடு ஒன்பது மாதம். இதே பூச்சு மேலே தொட்டுத்தொட்டு மூன்று டாக் தாங்குமா என்பதை அனுபவத்தில் பேச எனக்கு இன்னும் வருஷங்கள் வேண்டும்.

கால அட்டவணைப்படி ஓடும் லைனர் ஓட்டத்தில், வாரம் பத்து மணி நேரம்கூட நிற்காத கப்பலாக இருந்தால் நானே நல்ல செம்புப் பெயிண்ட் போதும் என்று சொல்லியிருப்பேன். கிடைக்கும் சரக்குக்கு அவ்வப்போது வாடகை பேசும் ஸ்பாட் சார்ட்டரில் ஓடி, எப்போது எத்தனை நாள் வெப்பக் கடலில் நிற்குமென்று யாருக்கும் சொல்ல முடியாத கப்பலுக்கு சிலிக்கோன்.

பூசியபின் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உள்ளூர் ஏஜென்ட் அனுப்பும் டைவர் எப்போதும்போல இரும்பு பிரஷ்ஷோடு வருவார், ஒரே இறக்கத்தில் நம் பணம் அத்தனையும் போய்விடும். மென்மையான பிரஷ் மட்டும் என்று பிரிட்ஜிலும் ஷிப் ஆஃபீஸிலும் ஒட்டிவைத்தோம், ஏஜென்டுக்குப் போகும் ஒவ்வொரு ஆர்டரிலும் முதல் வரியாக எழுதச் சொன்னோம். போன மாதம் வந்த டைவர் வீடியோவில் பில்ஜ் கீல் (கப்பலின் பக்க அடியில் நீளமாக ஓடும் தகடு) ஓரம் மெல்லிய வழும்பு, சுக்கானின் மேல்முனையில் நாலைந்து கொட்டலசு, சீ செஸ்ட் (கடல்நீரை உள்ளே எடுக்கும் துளை) கம்பிகளில் கொஞ்சம் கூடுதல். வலப்பக்கம் ஃபெண்டர் உரசிய இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு நீளக் கிழிசல் இருந்தது, அதை அளந்து டாக் லிஸ்டில் முதல் ஐட்டமாக ஏற்றிவைத்திருக்கிறேன்.