ஃபெட்-2ஐ ஏன் விடவில்லை: சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர்களோடு என் அனுபவம்

பழைய சோவியத் ஃபிலிம் கேமராக்களில் முதலில் எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஃபெட்-2. ஸோர்க்கி-1, ஸோர்க்கி-4, ஃபெட்-3, கீவ்-4 என்று மற்றவற்றிலும் நிறைய ஃபிலிம் ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஆனால் ஃபோகஸ் செய்வது என்ற ஒரே வேலையை வைத்துப் பார்த்தால், உக்ரைனின் கார்கிவ் தொழிற்சாலை 1955இல் கொண்டுவந்த அந்த வடிவமைப்பைப் பின்னால் வந்த எந்த ஃபெட்டும் மிஞ்சவில்லை.

காரணம் புரிய, தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பான ரேஞ்ச்ஃபைண்டர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கேமராவின் முன்பக்கம் தள்ளித் தள்ளி இரண்டு ஜன்னல்கள். இரண்டின் வழியாகவும் வரும் பிம்பங்கள் ஒரே இடத்தில் விழும். லென்ஸைத் திருப்பத் திருப்ப ஒன்று நகர்ந்து மற்றதன் மேல் பொருந்தும். பொருந்திய இடத்தில் ஃபோகஸ். ஜன்னல்களுக்கு நடுவே இடைவெளி கூடக் கூட சின்னத் தவறும் கண்ணுக்குத் தெரியும். அந்த இடைவெளியை, நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவதுதான் உண்மையான துல்லியத்தின் அளவு. இந்தக் கேமராக்களை ஒப்பிட எனக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

1934இல் உற்பத்தி தொடங்கிய முதல் ஃபெட், ஜெர்மனியின் லைக்கா II கேமராவின் நகல். செய்தது கார்கிவில் ஜெர்ஜின்ஸ்கி பெயரில் இருந்த தொழிற்கம்யூன். போருக்குப் பிறகு, 1948இல், மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலை அதே வடிவத்தை ஸோர்க்கி என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. பின்பக்கம் கண் வைத்துப் பார்க்க இரண்டு தனித்தனித் துளைகள்: ஒன்றில் ஃபோகஸ், மற்றதில் படத்தின் சட்டகம். ஸோர்க்கி-1 கைக்கு அடக்கமான, அழகான கேமரா. ஆனால் ஒரு துளையில் பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு அடுத்த துளைக்குக் கண்ணை நகர்த்துவதற்குள், எதிரே நிற்பவர் திரும்பிவிடுவார். நிலக்காட்சிக்குச் சரி, ஆட்களை எடுக்க எனக்குப் பொறுமை போதவில்லை.

இரண்டையும் ஒரே துளையில் சேர்க்கும் வழி சோவியத் ஆலைகளுக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. போர் இழப்பீடாக ட்ரெஸ்டனின் ஸைஸ் இக்கான் ஆலையிலிருந்து வந்த கருவிகளையும் பாகங்களையும் கொண்டு 1947 முதல் உருவான கீவ், 1936இன் கான்டாக்ஸ் II கேமராவின் மறுபிறப்பு. அதன் ஜன்னல் இடைவெளி 90 மி.மீ.! கண்ணாடியைச் சாய்ப்பதற்குப் பதிலாகச் சுழலும் ஆப்புக் கண்ணாடிகளும் நீளமான ஒரு கண்ணாடிப் பட்டகமும் இருப்பதால், அமைப்பு சுலபத்தில் நிலை தவறாது. என் கீவ்-4இல் பிம்பங்கள் இன்றுவரை மேலும் கீழும் விலகியதில்லை. 85 மி.மீ. ஜூபிடர்-9 லென்ஸ் மாட்டி, அதன் ஒளித்துளையை (அபர்ச்சர்) முழுதாகத் திறந்து முகங்களை எடுக்க இதைவிடத் தோதான சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் எனக்குத் தெரியாது. சிரமம் பிடிப்பில்தான். வலது ஜன்னல் சரியாக விரல் படும் இடத்தில் இருக்கிறது. நடுவிரலை மடக்கியே பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது பிம்பமே மறைந்துவிடும். நீண்ட நேரம் வைத்திருந்தால் கை வலிக்கிறது.

லென்ஸைத் திருகி மாட்டும் வகையில் ஒரே துளை முதலில் வந்தது கிராஸ்னகோர்ஸ்கின் ஸோர்க்கி-3இல், 1951இல். அதன் வழியில் வந்த ஸோர்க்கி-4, 1956 முதல் 1973 வரை 17 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இதன் வியூஃபைண்டர் பெரியது, உலகம் கண்ணுக்குத் தெரியும் அதே அளவிலேயே தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே படமெடுக்கலாம். அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை. ஆனால் ஜன்னல் இடைவெளி முதல் ஃபெட்டில் இருந்த அதே 38 மி.மீ.தான். 50 மி.மீ. ஜூபிடர்-8 லென்ஸின் ஒளித்துளையை எஃப்/2இல் வைத்து ஒரு மீட்டரில் எடுத்தால் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக வந்த படங்கள் என்னிடம் உண்டு. ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஏற்றாமல் திருப்பினால் உள்ளே உடையும்.

ஃபெட்-2இல் இடைவெளி 67 மி.மீ. அதற்கு முந்தைய வருடம் வந்த லைக்கா எம்3இல் 68.5. உருப்பெருக்கம் லைக்காவில் 0.91, இதில் சுமார் 0.75, பெருக்கிப் பார்த்தால் லைக்கா 62, ஃபெட் 50. விலை வித்தியாசத்தை நினைத்தால் இது பெரிய சாதனை. ஃபிலிம் சுருட்டும் குமிழுக்குக் கீழே, கண் பவருக்கு ஏற்பத் திருத்தும் சின்ன நெம்பு உண்டு. கண்ணாடி போடும் எனக்கு இது வரப்பிரசாதம். அது தற்செயலாக நகர்ந்துவிடும், அதனால் பையிலிருந்து எடுத்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வியூஃபைண்டர் ஸோர்க்கி-4ஐவிடச் சிறியது, மாலை வெளிச்சத்தில் கொஞ்சம் மங்கல். 1/25 அல்லது 1/30க்குக் கீழே வேகமும் இல்லை. பெரும்பாலும் பகலில் எடுப்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை.

அப்புறம் வந்த ஃபெட்-3இல் ஒரு வினாடி வரை மெதுவான வேகங்கள் கிடைத்தன, இடைவெளியோ 40 மி.மீ. சொச்சத்துக்குச் சுருங்கியது. ஃபெட்-4இல் செலினியம் ஒளிமானி சேர்ந்தது, ஃபெட்-5 1990கள் வரை ஓடியது. சுருங்கிய இடைவெளி சுருங்கியதுதான். இத்தனை நல்ல அடித்தளத்தை விட்டுக்கொடுத்தார்களே என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

எதை வாங்கினாலும் முதல் வேலை, தூரத்துக் கோபுரத்தையோ நிலவையோ பார்த்து, லென்ஸ் முடிவிலியில் நிற்கும்போது இரண்டு பிம்பமும் ஒன்றாகின்றனவா என்று பார்ப்பது. ஸோர்க்கி-4இல் பக்கவாட்டு விலகலைச் சரிசெய்யும் திருகு, முன்பக்க ஜன்னல்களுக்கு நடுவே ஒரு சின்ன மூடித் திருகுக்குப் பின்னால் இருக்கிறது. மேல் கீழ் விலகலுக்கு, வட்ட ஜன்னலின் வளையத்தைக் கழற்றி உள்ளே உள்ள ஆப்புக் கண்ணாடியைச் சுழற்ற வேண்டும். இரண்டும் வீட்டிலேயே முடியும். முடிவிலி சரியாகி, கிட்டத்தில் மட்டும் பிசகினால், லென்ஸின் பின்பக்கத்தைத் தொடும் நெம்பின் ஆப்பு முனையைத் திருப்ப வேண்டியிருக்கும். லைக்காவில் அங்கே உருளை இருக்கும். ஃபெட், ஸோர்க்கி இரண்டிலும் முனைதான். அதைப் பழகியவரிடம் கொடுப்பது நல்லது. போருக்கு முந்தைய ஃபெட் லென்ஸ்களை மட்டும் வேறு உடலில் மாட்டி நம்பாதீர்கள், அவை அந்தந்த உடலுக்கென்றே பொருத்தப்பட்டவை.

நல்ல ஃபெட்-2 கிடைக்கவில்லையென்றால் ஸோர்க்கி-6ஐத் தேடலாம். 1959 முதல் 1966 வரை வந்தது, ஜன்னல்கள் இதிலும் நன்றாகத் தள்ளியே இருக்கின்றன. நெம்பால் ஃபிலிம் ஏற்றலாம், கதவு போலத் திறக்கும் பின்மூடி வேறு.