லினக்ஸ் பதிப்பு உண்டு என்று நம்பி வாங்கிய கேம்: சில வருடங்களுக்குப் பிறகு

விண்டோஸை மொத்தமாக அழித்துவிட்டு லினக்ஸிலேயே கேம் ஆடலாமா என்று நண்பன் கேட்டிருக்கிறான். ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. ஸ்டீம் (வால்வ் கம்பெனியின் கேம் கடை), புரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் அவர்களின் மென்பொருள்) எல்லாம் என்னவென்று அவனுக்குத் தெரியும், அதனால் அடிப்படைகளைத் தாண்டிவிடுகிறேன்.

முதலில் கோபம். லினக்ஸுக்கென்றே தனியாகப் போர்ட் செய்த (மாற்றி எழுதிய) ஒரு வியூக கேம் என்னிடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். லினக்ஸ் பதிப்பு இருக்கிறது என்பதற்காகவே முழு விலை கொடுத்து வாங்கினேன். ஆரம்பத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு டிஸ்ட்ரோ (உபுண்டு மாதிரியான லினக்ஸ் தொகுப்பு) அப்டேட் வந்தது. கேமைத் திறந்தால் ஜன்னல் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். பிழைச் செய்திகூடக் கிடையாது.

டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) இருந்து இயக்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கேமோடு சேர்த்து சி++ லைப்ரரியின் (பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணை ஃபைலின்) பழைய பிரதி ஒன்றையும் கொடுத்திருக்கிறார்கள். புதிய மேசா கிராபிக்ஸ் டிரைவருக்கு அதைவிடப் புதியது வேண்டும். கேம் தன்னிடம் இருக்கும் பழையதையே முதலில் ஏற்றிக்கொள்வதால் டிரைவர் ஏறவே முடிவதில்லை. அந்த ஃபைலை நீக்கினேன், ஓடியது. திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலாண்டுக்கு மாறியதும் மறுபடி படுத்தது. இந்த முறை காரணம் உள்ளே வைத்திருந்த பழைய எஸ்டிஎல் (கேமுக்காக ஜன்னல், ஒலி, கீபோர்டை எல்லாம் கையாளும் லைப்ரரி). அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். காசு கொடுத்து கேம் வாங்கியவன் செய்ய வேண்டிய வேலையா இது?

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். விண்டோஸ் பதிப்புக்குப் புதிய பேட்ச்கள் வந்துகொண்டே இருந்தன, லினக்ஸ் பதிப்பு மட்டும் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டது. கேம் கம்பெனிக்காகப் போர்ட் செய்தது வெளியாட்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். பதிப்பு எண் பொருந்தாததால் விண்டோஸ் வைத்திருக்கும் நண்பர்களோடு சேர்ந்து ஆடவும் முடியவில்லை.

வெறுத்துப்போய் ஸ்டீமில் அந்த கேமின் அமைப்புகளுக்குள் போய், புரோட்டானைக் கட்டாயமாகப் பயன்படுத்து என்று டிக் செய்தேன். விண்டோஸ் பதிப்பு இறங்கியது. ப்ளே அழுத்தினேன். ஓடியது. அவ்வளவுதான், வேறு எதையும் தொடவில்லை. சேவ் ஃபைல்களை மட்டும் ஹோமில் மறைந்திருந்த ஒரு ஃபோல்டரில் இருந்து புரோட்டானின் போலி சி டிரைவுக்குள் கையால் நகலெடுக்க வேண்டியிருந்தது. விண்டோஸுக்கு எழுதியது லினக்ஸில் ஓடுகிறது, லினக்ஸுக்கு எழுதியது ஓடவில்லை. இந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் தவறு முழுக்க அந்தக் கம்பெனியுடையது இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பழைய புரோகிராம்களை உடைக்காமல் இருக்க ரொம்பவே மெனக்கெடுகிறது. அதற்கு மேலே இருக்கும் லைப்ரரிகளிடம் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான கிளிப்சியின் 2.36 பதிப்பு 2022 ஆகஸ்டில் வந்தது. லைப்ரரிக்குள் இருப்பதைத் தேட உதவும் பழைய ஹாஷ் அட்டவணை ஒன்றை அது கைவிட்டது, அதை நம்பியிருந்த ஈஸி ஆன்டி-சீட் (ஆன்லைன் கேம்களில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்) சில டிஸ்ட்ரோக்களில் தடுமாறியது. 2019ல் உபுண்டு 32-பிட் (பழைய வகைப் புரோகிராம்களுக்கான) லைப்ரரிகளை நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தது. பழைய கேம்களில் பெரும்பகுதி 32-பிட் என்பதால் எழுந்த கூச்சலில் பின்வாங்கியது. இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் தரையில் ஒரு கேமை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாது, யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆடுபவர்கள் கொஞ்சம் பேர் என்றால் அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது? 1998ல் தொடங்கிய லோக்கி சாஃப்ட்வேர் லினக்ஸுக்கு நல்ல நல்ல கேம்களைக் கொண்டுவந்தது, 2002 தொடக்கத்தில் மூடிவிட்டது. அங்கே வேலை பார்த்த சாம் லாண்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆமாம், என் கேமுக்குள் பழையதாக உட்கார்ந்திருந்த அதே எஸ்டிஎல்.

புரோட்டானைப் பற்றி எனக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை. 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்டபோது இவ்வளவு தூரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் அடித்தளம். விண்டோஸின் கிராபிக்ஸ் முறையான டைரக்ட்3டியை, 11 வரை, லினக்ஸில் ஓடும் வல்கன் முறைக்கு மாற்ற டிஎக்ஸ்விகே, 12க்கு விகேடி3டி-புரோட்டான். 2022ல் லினக்ஸில் ஓடும் வால்வின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக் வந்த பிறகு கேம் கம்பெனிகளே தங்கள் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் ஓடுகிறதா என்று பார்க்கத் தொடங்கின. முன்பெல்லாம் கேமில் ஏதாவது முதல்முறை வெடிக்கும்போது திரை ஒரு நொடி உறையும், ஷேடரை (திரையில் ஒளி, நிறத்தை வரையும் சிறு புரோகிராமை) கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி அப்போதுதான் கம்பைல் செய்துகொண்டிருக்கும். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0க்குப் பிறகு, டிரைவரும் ஒத்துழைத்தால், அது பெரும்பாலும் போய்விட்டது. எப்போதாவது இடையில் வரும் வீடியோவுக்குப் பதிலாக வண்ணப் பட்டைகள் தெரியும். வீடியோவை விரித்துக் காட்டும் கோடெக்கின் உரிமச் சிக்கல். கதை புரியாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் தனியாக ஆடும் கேம் எதை வாங்கினாலும் இப்போது லினக்ஸ் பதிப்பு இருக்கிறதா என்றே நான் பார்ப்பதில்லை. இருந்தாலும் புரோட்டானில்தான் ஓட்டுகிறேன். நேட்டிவ் போர்ட்டை (லினக்ஸுக்கென்றே எழுதிய பதிப்பை) ஒழுங்காகப் பராமரிக்கிற சின்னக் குழுக்கள் இருக்கின்றன, அவர்கள் மன்னிக்கவும்.

சரி, நண்பனின் கேள்வி. டேய், நீ ஆடுவது முக்கால்வாசி ஆன்லைன் ஷூட்டர். ஈஸி ஆன்டி-சீட்டும் அதே வேலை செய்யும் பேட்டில்ஐயும் 2021லேயே புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் அதைத் திறந்துவிடுவதா வேண்டாமா என்பது அந்தந்த கேம்காரன் முடிவு. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் திறந்து வைத்திருந்தது, ஏமாற்றுக்காரர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபர் 31ல் மூடிவிட்டது. வலோரன்ட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்டு விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே உட்கார வேண்டும், அங்கே புரோட்டானால் ஒன்றும் செய்ய முடியாது. நேற்றுவரை ஓடியது நாளைக்கு ஓடும் என்று இந்த வகை கேம்களில் யாராலும் உனக்கு உறுதி தர முடியாது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று திட்டாதே. விண்டோஸ் பார்ட்டிஷனை அழிக்காதே. ஓரமாக 100 ஜிபி ஒதுக்கி லினக்ஸைப் போடு, தனியாக ஆடுகிற கேம்களை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோ. ஸ்டீம் லைப்ரரியை மட்டும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவ டிரைவில் வைத்து இரண்டு பக்கமும் பகிரப் பார்க்காதே. அதில் புரோட்டான் படுத்துகிற பாடு தனிக் கதை.