காமா சேம்பரா, எக்ஸ்ரேயா? கடலோர ஆஸ்பத்திரிக்கு எது ஒத்துவரும்

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு ஆஸ்பத்திரியும் பக்கத்து ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து, ஆராய்ச்சிக்காகச் செல்லுக்கும் எலிக்கும் கதிர்வீச்சு கொடுக்கப் பொதுவாக ஒரு மெஷின் வாங்க நினைத்தால் மூன்று வழி இருக்கிறது. கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை உள்ளே வைத்த காமா சேம்பர், கரண்டில் ஓடும் எக்ஸ்ரே இர்ரேடியேட்டர் (கதிர்வீச்சு கொடுக்கும் பெட்டி), இல்லை எதையும் வாங்காமல் மதுரையில் கேன்சர் சிகிச்சைக்கு இருக்கும் லீனாக் என்ற கதிர்வீச்சு மெஷினில் நேரம் கேட்டுப் பார்ப்பது. நான் எக்ஸ்ரே பக்கம். ஆனால் அதை எந்த அறையில் வைக்கிறோம், யார் பழுது பார்ப்பார்கள் என்று முடிவு செய்யாமல் வாங்கினால் பணம் வீண்.

லீனாக்கை முதலில் முடித்துவிடலாம். கதிர் ஆழம் வரை போகும், அளவைச் சரிபார்க்க மருத்துவ இயற்பியலாளர் அங்கேயே இருப்பார். ஆனால் பகல் முழுக்க நோயாளிகள், நமக்குக் கிடைப்பது ராத்திரி. நூறு கிலோமீட்டருக்கு மேல் எலிக்கூண்டை வண்டியில் வைத்துக் கொண்டுபோனால் அலைச்சலும் சூடுமே சோதனை முடிவை மாற்றிவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை என்றால் சரி, வாராவாரம் முடியாது.

காமா சேம்பர் வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கரண்ட் போனாலும் கோபால்ட் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும், 1.17, 1.33 எம்.இ.வி. (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) என்று ஆற்றல் அதிகம் என்பதால் உள்ளே வைத்த பொருள் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவு விழும், அணுசக்தித் துறையின் பிரிட் என்ற அமைப்பு உள்நாட்டிலேயே செய்து தருகிறது. ஆனால் 5.27 வருஷத்தில் வீரியம் பாதியாகிவிடும். ஃபீடர் செல்லுக்கு (மற்ற செல்கள் வளர அடியில் போடும் செல்) 30 கிரே (உள்ளே ஏறும் கதிர் அளவின் அலகு) கொடுக்க முதல் நாள் 10 நிமிஷம் ஆனால், ஐந்தேகால் வருஷத்தில் 20 நிமிஷம், பத்தரை வருஷத்தில் 40. இதே வேலைக்கு வைக்கும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம்-137 பாதியாக 30 வருஷம் ஆகும், ஆனால் அது பெரும்பாலும் தூளாக உதிர்ந்து தண்ணீரில் கரையும் உப்பாக இருக்கிறது. 1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சை மெஷினிலிருந்து அந்த உப்பு வெளியே வந்துதான் 4 பேர் செத்துப்போனார்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்த கோபால்ட் மெஷின் 2010இல் ஏலத்தில் போய், மாயாபுரி பழைய இரும்புக் கடையில் உடைக்கப்பட்டு, ஒருவர் உயிர் போனது. எனக்குப் பயம் இதுதான். பொது மெஷின் என்றால் வாங்கின டாக்டருக்கு டிரான்ஸ்ஃபர் வரும், பேராசிரியர் ரிட்டயர் ஆவார், பதிவேடு பீரோவுக்குள் போய்விடும், உள்ளே கோபால்ட் மட்டும் அப்படியே இருக்கும்.

எக்ஸ்ரேயில் ஸ்விட்சை அணைத்தால் கதிர் இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் இதற்கும் உண்டு, ஆனால் கதிரியக்க மூலத்தைக் காவல் காப்பதும் கடைசியில் திருப்பி அனுப்புவதும் இல்லை. பதிலுக்கு அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். 160 கே.வி. (கிலோவோல்ட்) மின்னழுத்தத்தில் வரும் கதிர் உள்ளே போகப் போகச் சீக்கிரம் குறையும். எலும்பில் கால்சியம் இருப்பதால் குறைந்த ஆற்றல் கதிரை அது கூடுதலாக இழுத்துக்கொள்ளும், எலியின் மஜ்ஜைக்கு நாம் கணக்குப் போட்டதைவிட அதிகம் போகலாம். செம்பு ஃபில்டர் போட்டால் இது குறையும், ஆனால் நேரம் கூடும். 320 கே.வி. மெஷின் இதில் மேல், விலையும் எடையும் அதிகம். பழைய கட்டுரையில் சீசியத்தில் 9 கிரே என்று இருந்தால் அதையே எடுத்துப் போடாதீர்கள், சில எலிகளில் முதலில் அளவு பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மண்டபம் பக்கத்துக் கடல்பாசிச் சாறு கதிர்வீச்சிலிருந்து செல்லைக் காக்குமா என்று தட்டில் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஒற்றை அடுக்குச் செல்லுக்கு 160 தாராளம்.

அப்புறம் உப்புக்காற்று. பாம்பன் பழைய ரயில் பாலத்தைத் துரு என்ன பாடு படுத்தியது என்று பார்த்த ஊர் நம்முடையது. எக்ஸ்ரே டியூபைக் குளிர்விக்கும் சில்லரின் வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்து மாட்டினால் காயில் அரித்துப்போகும். கடலுக்கு எதிர்ப்பக்கத்து அறை, ஏ.சி., ஈரப்பதம் இழுக்கும் மெஷின், இதெல்லாம் மெஷின் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் எத்தனை கிரே போயிற்று என்று மெஷின் ஞாபகம் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். டெமோவின்போது மெயினை அணைத்துப் பாருங்கள்.

டெண்டரில் ஏ.எம்.சி. (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று மட்டும் போட்டால் உதிரி பாகம் நம் தலையில். உதிரி பாகமும் சேர்ந்த சி.எம்.சி. ஒப்பந்தம் கேளுங்கள், அதிலும் டியூப் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சென்னையிலிருந்து என்ஜினியர் எத்தனை நாளில் வருவார் என்பதையும் எழுத வையுங்கள். ஏற்றும் ரத்தத்துக்கும் சில நேரம் கதிர்வீச்சு கொடுப்பார்கள் என்பதால், செலவைப் பங்கிட ரத்த வங்கியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். எலி போய் வந்த பெட்டிக்குள் நோயாளிக்கு ஏறும் ரத்தப் பையை வைக்கக் கூடாது, அதற்குத் தனி மெஷின்தான்.