ரெஃப்யூஜியத்தில் நீரோட்டம்: நான்கு ஆண்டு அனுபவம்

என் உப்புநீர் மீன்தொட்டி 300 லிட்டர். அதன் கீழே சம்ப் இருக்கிறது: மேலிருந்து வடியும் நீர் பம்ப் வழியாகத் திரும்பிப் போகும் துணைத்தொட்டி. அதில் 50 லிட்டர் அறை ஒன்றைத் தடுத்து, பாசியும் சிற்றுயிர்களும் மீன்களின் தொல்லையின்றி வளரும் இடமாக, அதாவது ரெஃப்யூஜியமாக, வைத்திருக்கிறேன். அடியில் கொஞ்சம் மணல், ஒரு மூலையில் பாறைத் துண்டுகள், நடுவில் பந்துபோல் கீட்டோமார்ஃபா பாசி. இரவில் 12 மணி நேரம் விளக்கு எரியும்.

மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டைப் பாசி உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் மெதுவாகப் போனால்தான் அதற்கு நேரம் கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள். நம்பி, வால்வைத் திருகி மணிக்கு 100 லிட்டராகக் குறைத்தேன். ஓராண்டு அப்படியே ஓடியது. மாதத்துக்கு ஒரு கைப்பிடி பாசி வளர்ந்திருந்தால் அதிகம். மீன் கழிவு பாசியின் மேல் பழுப்பாகப் படிந்தது. பந்தைப் பிரித்தால் உட்புறம் வெளுத்து அழுகியிருந்தது. நைட்ரேட் 25 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 25 பங்கு) விட்டு இறங்கவே இல்லை.

அந்த அறிவுரையின் பிழை எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. தொட்டி நீர் ஒருமுறை கடந்து வெளியேறிவிடுவதில்லை, சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறது. ஆகவே ஒரு சுற்றில் பாசி எவ்வளவு எடுத்தது என்று பார்ப்பதில் பயனில்லை. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு எடுத்தது என்றுதான் பார்க்க வேண்டும். பாசி இழையை ஒட்டி அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். அதிலுள்ள சத்து தீர்ந்தபின், படலத்தைத் தாண்டிப் புதிய சத்து வர வேண்டும். ஓட்டம் கூடும்போது படலம் மெலிகிறது, பாசிக்குத் தீனி விரைவாகக் கிடைக்கிறது.

விளக்கைத் தொடாமல் ஓட்டத்தை மட்டும் மணிக்கு 600 லிட்டராக உயர்த்தினேன். அறையின் நீர் மணிக்கு 12 முறை மாறும் அளவு. மூன்று மாதத்தில் நைட்ரேட் 10 பிபிஎம்முக்கு இறங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை வாளிப் பாசியை அள்ளி எடுத்தேன். அந்த மகிழ்ச்சியில் 1000 லிட்டர் வரை போனேன். அது வேண்டாத வேலை. மணல் கிளம்பியது, பாசி முழுவதும் தடுப்பில் போய் ஒட்டிக்கொண்டது, பிரதான தொட்டிக்குள் நுண்குமிழிகள் வந்தன. மறுபடி 600.

ரெஃப்யூஜியத்தில் வாழும் கோபிபாட்கள் என்ற மிகச் சிறிய ஓட்டுடலிகள் அடித்துச் செல்லப்படுமோ என்ற கவலை பலருக்கு உண்டு. என் அனுபவத்தில் குறையவில்லை. பாறைத் துண்டுகளின் இடுக்கில் ஓட்டம் தணிவாகவே இருக்கிறது, அங்கே அவை பெருகுகின்றன. இரவில் டார்ச் அடித்தால் மேல்தொட்டிக் கண்ணாடியிலும் ஊர்கின்றன.

மூன்றாம் ஆண்டில் நைட்ரேட் பூஜ்ஜியத்தைத் தொட்டது; பாசி வெளிறியது, பவளங்களும் நிறம் மங்கின. அப்போது வால்வைத் தொடாமல் விளக்கை 8 மணி நேரமாகக் குறைத்தேன். ஓட்டத்தைக் குறைத்திருந்தால் பழைய கழிவுப் படிவு திரும்பியிருக்கும்.

பம்பின் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். குழாயின் உயரமும் வளைவுகளும் அதில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். ரெஃப்யூஜியத்துக்குள் விழும் நீரை 10 லிட்டர் வாளியில் பிடித்து நேரம் பாருங்கள்: ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 600 லிட்டர். எட்டு மாதம் கழித்து, வால்வை அசைக்காமலே எனக்கு 95 நொடி ஆனது. குழாயைக் கழற்றினால் உள்ளே வழவழவென்று தடித்த படிவு. இப்போது மாதம் ஒருமுறை வாளி பிடிக்கிறேன். 70 நொடியைத் தாண்டினால் குழாயைத் தூரிகை விட்டுத் தேய்த்துவிடுகிறேன்.