பழங்காசும் வீட்டுக் கதையும் பகிர வாட்ஸ்அப்பா, டெலிகிராமா? வேலூர்ப் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு மதிப்பீடு

பழங்காசு சேர்ப்பவர்கள் குழுவில் காசைப் பற்றி மட்டும் பேசி நிறுத்த முடியாது. ஆற்காடு ரூபாய் என்ற பழைய வெள்ளிக் காசு ஒன்றின் படம் வந்து விழுந்தால், தாமரை முத்திரையா, பிறை முத்திரையா, கிழக்கிந்தியக் கும்பெனி அடித்ததா, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்ததா என்று பத்து நிமிடம் ஓடும். பதினோராவது நிமிடம், "எங்க கெடச்சது சார்?" என்று ஒருவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் ஆயாவின் சீர்வரிசை, ஆம்பூர் தோல் ஷெட்டில் தாத்தா வாங்கிய கூலி, பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி பேச்சு முறிந்தது என்று வீடு முழுக்க வெளியே வந்துவிடும். அதில் தவறில்லை. கைமாறி வந்த வழி தெரிந்தால்தான் காசுக்கும் மதிப்பு. ஆனால் கதையோடு சேர்ந்து இன்னொரு தகவலும் போகிறது: இந்த எண்ணுக்கு உரியவர் வீட்டில் வெள்ளியும் தங்கமும் இருக்கின்றன.

வாட்ஸ்அப் குழு, டெலிகிராம் குழு இரண்டையும் அந்த ஒரு கோணத்தில்தான் இங்கே பார்க்கிறோம். ஸ்டிக்கர், வீடியோ கால் எல்லாம் வேறு யாராவது எழுதட்டும். முடிவை இப்போதே சொல்லிவிடலாம். ஒருவரை ஒருவர் நேரில் அறிந்த முப்பது நாற்பது பேர் என்றால் வாட்ஸ்அப் போதும். முகம் தெரியாதவர்கள் சேரச் சேர, கதை பேசும் இடத்தை டெலிகிராமுக்கு மாற்றிவிடுவது நல்லது. ஆனால் அதை நிறுவியபடியே விட்டால் பயனில்லை. நாலைந்து அமைப்புகளை மாற்ற வேண்டும்.

வாட்ஸ்அப்பின் பெரிய குறை போன் நம்பர். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். சேர்ந்த அத்தனை பேருக்கும் உங்கள் எண் தெரியும். பெயரை 'காசுக்காரன்' என்று வைத்துக்கொண்டாலும் பலனில்லை. அந்த எண்ணை ஏதாவது ஒரு யூபிஐ செயலியில் தட்டினால், பணம் அனுப்பும் முன்பே வங்கிக் கணக்கில் உள்ள பெயர் வந்து நிற்கும். பெயர் கிடைத்த பிறகு, "காட்பாடி, ரயில்வேயில் இருந்து ரிட்டயர்டு, ரெண்டு பசங்களும் பெங்களூர்ல" என்ற மூன்று விவரமே வீட்டைக் கண்டுபிடிக்கப் போதும். வேலூர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் கம்யூனிட்டி வசதியில் எண்ணை மறைக்கலாமே என்பார்கள். அறிவிப்புப் பகுதியில் சாதாரண உறுப்பினர்களின் எண் மறைந்திருக்கும், உண்மைதான். ஆனால் அரட்டை நடக்கும் உட்குழுவில் நுழைந்ததும் எண் தெரிந்துவிடும். கதை பேசுவது அங்கேதானே.

இரண்டாவது குறை, சொன்னதைத் திரும்ப எடுப்பது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம், எல்லோரிடமிருந்தும் நீக்க இரண்டு நாளும் சில மணி நேரமும்தான் அவகாசம். அதற்குப் பிறகு நீங்களாக நீக்க முடியாது. பலரும் கவனிக்காத ஒன்று: உங்கள் செய்தியை மேற்கோள் காட்டி யாராவது பதில் போட்டிருந்தால், நீங்கள் மூலத்தை நீக்கினாலும் அந்தப் பதிலின் தலையில் உங்கள் வரிகள் அப்படியே இருக்கும். எனவே நீக்கும்போது பதில் போட்டவரிடமும் சொல்லி நீக்க வைக்க வேண்டும். எக்ஸ்போர்ட் சாட் கொடுத்தால் மொத்த அரட்டையும் ஒரு கோப்பாக யார் கைக்கும் போகும். 2025ல் வந்த அட்வான்ஸ்டு சாட் பிரைவசியை ஆன் செய்தால் எக்ஸ்போர்ட்டும், படங்கள் தானாக கேலரியில் இறங்குவதும் நின்றுவிடும். ஸ்கிரீன்ஷாட் நிற்காது.

நல்லதையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பேசுவது முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டது. நடுவில் நிறுவனமே படிக்க முடியாது. டெலிகிராம் குழுவில் அது கிடையாது. அங்கே அந்த மறையாக்கம் இருவர் பேசும் சீக்ரெட் சாட்டுக்கு மட்டும்தான். குழுச் செய்திகள் அவர்கள் சர்வரில் இருக்கும். இதைக் காரணம் காட்டி டெலிகிராமே வேண்டாம் என்பவர்கள் உண்டு. காசுக் குழுவைப் பொறுத்தவரை அந்த வாதம் எடுபடாது என்பது எங்கள் எண்ணம். காசுமாலைக் கதைக்காக நடுவில் ஒட்டுக்கேட்பவன் வரப்போவதில்லை. ஆபத்து என்று ஒன்று வந்தால், குழுவுக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கிறவனிடமிருந்துதான் வரும்.

டெலிகிராமில் முதலில் செய்ய வேண்டியது: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, போன் நம்பர் என்று போய் 'நோபடி' தேர்வு செய்யுங்கள். அதைச் செய்ததும் அதே பக்கத்தில், எண்ணை வைத்து உங்களை யார் கண்டுபிடிக்கலாம் என்று இன்னொரு கேள்வி முளைக்கும். அதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் முதல் வேலை பாதிதான். குழுவில் பழகிய ஒருவரை கான்டாக்டில் சேர்க்கும்போது, 'ஷேர் மை போன் நம்பர்' என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். எடுத்துவிட்டுச் சேருங்கள். மறைத்து வைத்த எண் கைமாறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பிறகு, 'ஃபார்வர்டட் மெசேஜஸ்' என்ற இடத்தில் 'நோபடி' வைத்தால், உங்கள் கதையை யாராவது வேறு இடத்துக்குத் தள்ளினாலும் பெயரைத் தட்டி உங்கள் கணக்குக்கு வர முடியாது.

அட்மினுக்கு வேலை அதிகம். குழு பிரைவேட்டாக இருக்க வேண்டும். பப்ளிக் குழுவின் பழைய பேச்சு முழுவதையும் வழிப்போக்கன்கூடப் படிக்கலாம். அழைப்பு இணைப்புக்கு காலக்கெடு வைத்து, அட்மின் ஒப்புதலோடு மட்டும் ஆள் சேருங்கள். 'ரெஸ்ட்ரிக்ட் சேவிங் கன்டென்ட்' ஆன் செய்தால் ஃபார்வர்டு, சேமிப்பு இரண்டும் நிற்கும். ஆண்ட்ராய்டு போனில் ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க வராது. இன்னொரு போனை மேலே பிடித்துப் படம் எடுப்பதைத் தடுக்க எந்தச் செயலியாலும் ஆகாது. 100 பேரைத் தாண்டிய குழு என்றால் உறுப்பினர் பட்டியலை மறைக்கும் வசதி உண்டு. ஆன் செய்யாவிட்டால் 'பார்ட் டைம் வேலை', 'கிரிப்டோ லாபம்' ஆசாமிகள் பட்டியலைச் சுரண்டி ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தி அனுப்புவார்கள். டெலிகிராமின் உண்மையான தொல்லை இதுதான். வாட்ஸ்அப்பிலும் இது உண்டு என்றாலும் இந்த அளவுக்கு இல்லை.

ஒரே குழுவைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கும் டெலிகிராமின் டாபிக்ஸ் வசதிக்காகவே மாறலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. 'அடையாளம் கேட்க', 'விற்க வாங்க', 'வீட்டுக் கதை' என்று மூன்று அறை திறந்தால், கதை ஓடும் நடுவில் "இது என்ன ரேட் போகும்?" என்று யாரும் மூக்கை நுழைக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் அம்மா இறந்த கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே அதற்குக் கீழே மூன்று 'குட்மார்னிங்' படம் வந்து நிற்கும். செய்திகள் தானாக அழியும் ஆட்டோ டெலீட் வைப்பதா என்ற கேள்வியில் மட்டும் இந்தப் பிரிவு உதவாது. ஆட்டோ டெலீட் குழு முழுவதற்கும் பொது, அறைக்கு அறை மாற்ற முடியாது. காசு அடையாளப் பேச்சு ஐந்து வருடம் கழித்தும் தேட வேண்டிய சரக்கு. அதனால் ஆட்டோ டெலீட்டைத் தொடாமல், கதை சொன்னவரே தான் விரும்பும்போது தன் செய்தியை நீக்கிக்கொள்ளட்டும். டெலிகிராமில் அதற்கு நாள் கணக்கு இல்லை. திருத்துவதற்குத்தான் 48 மணி நேரக் கெடு.

இரண்டு ஓட்டை சொல்லியாக வேண்டும். நீக்கிய செய்தியும் திருத்தும் முன் இருந்த வரியும் 'ரீசென்ட் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் 48 மணி நேரம் அட்மின்களுக்குத் தெரியும். ஆகவே அட்மின்களாக யாரை வைக்கிறீர்கள் என்பது முக்கியம். எட்டுப் பேருக்கு மரியாதைக்காக அட்மின் பட்டம் கொடுக்காதீர்கள். அடுத்தது, கோபித்துக்கொண்டு கணக்கையே அழித்தாலும் குழுவில் போட்ட செய்திகள் போகாது. 'டெலீட்டட் அக்கவுன்ட்' என்ற பெயரில் அங்கேயே கிடக்கும். முதலில் செய்திகளை நீக்கிவிட்டு, பிறகுதான் கணக்கை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் திரும்பிப் போய் நீக்க வழியில்லை.

படம் அனுப்புவதில்தான் இரண்டு செயலியிலும் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். சாதாரணமாக அனுப்பும் படத்தைச் செயலி அமுக்கிவிடும். அப்போது படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பும் உதிர்ந்துவிடும். ஆனால் நாம் சாதாரணமாக அனுப்புவதில்லை. முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும், விளிம்பு வரி எண்ண வேண்டும் என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்வோம். அப்படி அனுப்பினால் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை உட்பட எல்லாம் கூடவே போகும். அலமாரி இருக்கும் வீட்டை மேப்பில் குத்திக் காட்டுவதற்குச் சமம். கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேக்கை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். ஏற்கெனவே எடுத்த படம் என்றால் அதை ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேண்டிய அளவு வெட்டி அனுப்பினால் போதும். நுணுக்கம் கொஞ்சம் குறையும், இடக்குறிப்பு இருக்காது.

பின்னணியையும் பாருங்கள். கருப்புத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தால் எழுத்து மேடு பள்ளமாகத் தெரியும்; வீட்டுத் தரையும் தெரியாது. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் கடைப் பெயரும் ஏரியாவும் கொட்டை எழுத்தில் இருக்கும், அது படத்தில் வரக் கூடாது. மின்தராசில் எடை காட்டும்போது 0.01 கிராம் வரை தெரிகிற தராசு நல்லது. 1835க்குப் பிறகு வந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும் என்பதால் அந்த ஓர் எண்ணே பாதி வாக்குவாதத்தை முடித்துவிடும். (புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிப் படம் எடுப்பவர்களுக்கு: குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு ஆகாது. மேற்படிந்த நிறம் போனால் விலையும் போகும்.)

எந்தச் செயலியாலும் காப்பாற்ற முடியாத கதை ஒன்று உண்டு. "கடக்கால் தோண்டும்போது கெடச்சது", "பழைய சுவரை இடிக்கும்போது பானையில இருந்தது" என்று பெருமையாகச் சொல்வது. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளோ, மண்ணோடு ஒட்டிய கட்டுமானத்துக்குள்ளோ மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வைத்துக்கொள்வது குற்றம். குழுவில் போட்ட குரல் செய்தி தானே கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடும். அப்படி ஒன்று கிடைத்தவர் முதலில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகட்டும். 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். அதன் பிறகு கதையைச் சொல்லலாம்.

காசுமாலைக் கதைக்கு வேறு எச்சரிக்கை. சவரன் காசில், மாலையில் கோக்கக் காது (சிறு வளையம்) ஒட்டிய தழும்பு இருக்கிறதா என்று கேட்பது சேகரிப்பாளர் பேச்சு. அதற்கு ஒரே ஒரு காசின் படம் போதும். முழு மாலையையும் விரித்து வைத்து, "இப்போ இது என் தங்கச்சிகிட்ட இருக்கு" என்று எழுதினால், குழுவிலேயே இல்லாத ஒருவர் வீட்டை நீங்கள் காட்டிக்கொடுக்கிறீர்கள். காசு இப்போது எங்கே இருக்கிறது என்பதை எழுதாமலே கதையைச் சொல்ல முடியும். யாரிடமிருந்து வந்தது, எந்தக் காலத்தில் வந்தது, அப்போது வீட்டில் என்ன நிலைமை என்று போனால் நிறைவாகவே இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் பெயர், தெரு, யார் எந்த மாதம் ஊரில் இருக்க மாட்டார்கள் என்பதை விட்டுவிட்டால் போதும். உறவினர் சண்டையை எழுதுவதானால், அவர்களில் ஒருவர் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்து எழுதுங்கள். குடியாத்தத்துக்காரர் குழுவில் குடியாத்தத்துச் சித்தப்பா இல்லாமலா இருப்பார்?

பெரியவர்கள் பெரும்பாலும் குரல் செய்தியாகத்தான் சொல்வார்கள். கேட்க அருமையாக இருக்கும், தேடத்தான் வராது. ஐந்து நிமிடப் பேச்சுக்குக் கீழே யாராவது இரண்டு வரி எழுதி வைத்தால் (காசு எது, ஊர் எது, சுமார் எந்த வருடம்) பின்னால் எடுக்கலாம். குரல் செய்தியைத் திருத்த முடியாது என்பதால், பதிவை நிறுத்திவிட்டு அனுப்பும் முன் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பின்னால் மருமகள் ஏடிஎம் நம்பரைச் சத்தமாகச் சொல்வதும் அதில் பதிந்திருக்கலாம்.

செலவு என்று பார்த்தால் இரண்டுக்கும் காசில்லை. மேலே சொன்ன எதற்கும் டெலிகிராம் பிரீமியம் தேவைப்படாது. பெரியவர்களை மாற்றுவதுதான் கஷ்டம். "டெலிகிராமா, அது படம் டவுன்லோடு பண்றதாச்சே" என்பார்கள். பழைய வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டாம். சந்திப்பு அறிவிப்பு, ஏல நாள் இதற்கெல்லாம் அது ஓடட்டும். கதை அறையை மட்டும் டெலிகிராமில் திறங்கள். எண் மறைக்கும் அந்த இரண்டு அமைப்பையும் அவர்கள் போனை வாங்கி நீங்களே செய்து கொடுப்பது வேகம். அதற்கும், காசு கைமாற்றுவதற்கும், கோட்டை மைதானம் போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் பகலில் சந்தியுங்கள். வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள்.